எங்களுக்கு வேண்டியது இலக்கம் மூன்று

அன்று படிப்பகத்தில் செயலாளர் இருந்தார், நான் இருந்தேன், நாளிதழ் படிக்க வந்த இரண்டு பேர் இருந்தார்கள். தலைவர் இல்லை. எங்கள் பகுதியைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டு நடந்த எல்லைப் போராட்டத்தில் மறியலுக்குப் போனவரைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்தது. சந்தா கட்டுவது, ரசீது வைப்பது, கடிதம் எழுதுவது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் இல்லாத நேரம் பார்த்துத்தான் நாங்கள் வாங்கிவந்த தமிழ் ஆராய்ச்சிக் காலாண்டிதழ் பதிப்பகம் மாறியது.

தமிழும் மலையாளமும் கலந்த எங்கள் எல்லையூரான பனச்சமூட்டில் ஒரு கடையின் பின்னறைதான் படிப்பகம். சுற்றுவட்டாரத்தில் அந்த இதழ் வந்த ஒரே இடம். அதில் இலக்கணம் பற்றி ஒரு தொடர்கட்டுரை வந்துகொண்டிருந்தது. முதல் இரண்டு பகுதிகளை நோட்டில் வரிவிடாமல் எழுதி வைத்திருந்தேன். மூன்றாவது இதழில் வரவிருந்த மூன்றாம் பகுதி எனக்கு உயிர்ப் பிரச்சினை. பெருங்கடவிளைப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் நான் தற்காலிகத் தமிழாசிரியன். அந்த ஆண்டு வித்துவான் தேர்வில் தேறினால்தான் வேலை நிலைக்கும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அப்பா வெட்டுகல் வெட்டுபவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறியவன் நான் ஒருவன்தான்.

புதிய பதிப்பகம் சென்னையிலிருந்து போட்ட கார்டு அன்றுதான் வந்திருந்தது. ‘இதழை இனி நாங்கள் வெளியிடுகிறோம். தங்கள் சந்தா இலக்கத்தைத் தெரிவித்தால் முன்பு செலுத்திய தொகைக்குரிய இதழ்கள் அனுப்பப்படும்.’

செயலாளர் மிஷன் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். கார்டை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார்.

“எந்த லக்கம் வேணும்னு கேக்கான். மூணாவது லக்கம்னு எழுதிப் போடு மக்கா.”

எங்கள் பக்கத்தில் மலையாள வார இதழ் வந்தால் பத்தாம் லக்கம், பதினோராம் லக்கம் என்றுதான் பேசுவோம். லக்கம் என்றால் எத்தனையாவது இதழ் என்று பொருள். எனக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. ‘எங்களுக்கு வேண்டியது இலக்கம் 3’ என்று எழுதினேன். நல்ல தமிழாக இருக்கட்டும் என்று முன்னால் ஓர் ‘இ’ மட்டும் சேர்த்தேன்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. ‘இலக்கம் 3க்கு உரிய இதழ் அனுப்பப்பட்டுவிட்டது.’

இதழ் வரவில்லை. மறுபடி எழுதினேன். மறுபடி அதே பதில். தமிழ் எழுத்தைக் கண்டு தபாலாபீசில் யாரோ தூக்கி எறிந்திருக்கிறார்கள் என்று படிப்பகத்தில் பேச்சு கிளம்பியது. போராட்ட நாட்களில் அதை நம்புவது எளிது. நானும் நம்பினேன். தபால்காரரை வழியில் நிறுத்தி, எங்கள் தமிழ் இதழை என்ன செய்தீர் என்று கேட்டேன்.

“சாரே, நான் தமிழும் சொமக்கேன், மலையாளமும் சொமக்கேன். சொமட்டுக்குப் பாஷை உண்டுமா? உம்ம புஸ்தகத்தைத் தின்னா எனக்கு வயிறு நெறையுமா?”

“பின்னே எங்க போச்சு?”

“எழுதினவன்கிட்ட கேளும். வந்திருந்தா உம்ம வாயை அடைக்கவாவது கொண்டு தந்திருப்பேனே.”

வீட்டில் அப்பா வேறு. “எலே, ஒரு புஸ்தகத்துக்கு எத்தனை கடுதாசிதான் போடுவ? படிச்சவனுக்குப் படிச்சவன் பேசினா மனசிலாகாதோ?”

மூன்றாவது கடிதத்தைக் கோபமாகவே எழுதினேன். இந்த முறை பதிலும் கோபமாக வந்தது. ‘இலக்கம் 3 ஒரு கல்லூரி நூலகம். அவர்களுக்கு இரண்டு படிகள் அதிகமாகப் போய்விட்டதாக எழுதியிருக்கிறார்கள். நீங்கள் யார்? சந்தா இலக்கம் என்பது உங்களுக்குத் தரப்பட்ட எண். இதழ் வரும் உறையில் முகவரிக்கு மேலே இருக்கும்.’

அதை வாசித்ததும் காது சூடானது. தமிழில் வித்துவான் ஆகப் போகிறவன், எண் என்று கேட்டதை இதழ் என்று படித்து மூன்று முறை எழுதியிருக்கிறேன். தபால்காரர் முகம் வேறு நினைவுக்கு வந்தது.

“பழைய உறை உண்டா?” என்று செயலாளரிடம் கேட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். “நல்ல கட்டிக் காயிதம் ஆக்கும். ஆஸ்பத்திரியில மருந்துப் பொடி மடக்க எடுத்தேன்.”

“எல்லாத்தையுமா?”

“காய்ச்சல் காலம் இல்லியா மக்கா. நம்ம நம்பரை ஊரு முழுக்க வாங்கிட்டுப் போயாச்சு.”

தலைவர் வீட்டில் ரசீது கேட்டுப் போனேன். அவர் அம்மா, நான் போலீஸ் அனுப்பிய ஆளோ என்று சந்தேகப்பட்டுக் கதவைப் பாதிதான் திறந்தார்; ரசீது கிடைக்கவில்லை. பழைய பதிப்பகத்துக்கு எழுதினேன். பதிவேட்டைப் புதியவர்களிடம் கொடுத்துவிட்டோம் என்றார்கள். புதியவர்களுக்கு எழுதினேன். பதிவேடு எண் வரிசையில் இருப்பதால் பெயரை வைத்துத் தேட இயலாது, புதிதாகச் சந்தா கட்டினால் மகிழ்வோம் என்றார்கள். பணம் வாங்கியவரிடம் இதழ் இல்லை. இதழ் வைத்திருப்பவர் பணம் வாங்கவில்லை. இரண்டு பேரும் மிகுந்த மரியாதையோடு எழுதினார்கள்.

வேறு வழியில்லாமல் புதிய சந்தா கட்டினோம். அது அடுத்த இதழிலிருந்துதான் செல்லும். மூன்றாவதைத் தனி விலைக்கு வாங்க வேண்டும் என்றார்கள். அதற்கும் அனுப்பினோம். தேர்வு முடிந்து ஒன்பதாம் நாள் அது வந்தது. தேர்வில் நான் தொடாமல் விட்ட வினாவுக்கு விடை அதன் முதல் நான்கு பக்கங்களில் இருந்தது. நான் தேறவில்லை. பள்ளி திறந்தபோது என் வகுப்பில் வேறொருவர் இருந்தார்.

அடுத்த கூட்டத்தில் கணக்கு வாசித்தார்கள். பழைய பதிப்பகத்தோடு போன சந்தா ஆறு ரூபாய், புதிய சந்தா ஆறு ரூபாய், மூன்றாம் இதழ் ஒன்றரை ரூபாய், மணியார்டரும் தபாலும் பத்தணா. மொத்தம் பதினான்கு ரூபாய் இரண்டணா.