செவஸ்தி கழுவிய எலும்புகள்

திங்கட்கிழமை காலை தெமிஸ் போட்ட கூச்சலில், யாரோ குழிக்குள் விழுந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். முப்பத்தொரு வருடம் எங்கள் கலிம்னோஸ் தீவு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் நான். கட்டுத்துணியோடு ஓடினேன். என் தோட்டத்துக்கும் பழைய தேவாலயத்தைத் தோண்டும் இடத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

யாரும் விழவில்லை. ஏதென்ஸிலிருந்து வந்து அகழாய்வை நடத்தும் தெமிஸ், தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரே வெள்ளைத் துணியில் ஒரு பெண்ணின் எலும்புகள் வெயிலில் காய்ந்தன. மூடி உடையாமல் கிடைத்த ஒரே கல்லறை அவளுடையது. ஆயிரத்து ஐந்நூறு வருடப் பழசு. அவள் எந்த ஊர்க்காரி, யாருக்கு உறவு என்று ஆய்வுக்கூடம் சொல்லவேண்டும். அதற்காக ஈரக் கைகூடப் படாமல் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

இப்போது எலும்பெல்லாம் ஒயின் வாடை. பக்கத்தில், பானை ஓடு கழுவ வேலைக்கு வைத்திருந்த செவஸ்தி கைகட்டி நின்றாள்.

"என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க?"

"கழுவினேன். செத்தவங்க எலும்ப மூணு வருஷத்துல தோண்டி எடுத்து ஒயின்ல கழுவிடணும். இவ எத்தன காலமாக் காத்துக் கெடக்கா! நீ என்னடான்னா பிரஷ்ஷ வச்சு முதுகு சொறிஞ்சு விடுற."

வாடை எனக்குப் பழக்கமானது. ஆட்டுக்கறிக்கு என்று முந்தின நாள் அவள் வாங்கிப்போன என் வீட்டு ஒயின். டாக்டர் பார்க்குமுன் காயத்தைக் கழுவிய நர்ஸை நானே வார்டை விட்டு அனுப்பியிருக்கிறேன்.

ஊரில் யாரைத் தோண்டி எடுத்தாலும் செவஸ்தியைத்தான் கூப்பிடுவார்கள். மாமியாரை, அப்பாவை, இரண்டு நாத்தனார்களைக் கழுவியவள். புருஷன் நொமிகோஸ் மட்டும் கடற்பஞ்சு எடுக்க லிபியாப் பக்கம் மூழ்கியவன், மேலே வரவில்லை. கழுவ ஒன்றும் கிடைக்கவில்லை.

"எல்லாம் போச்சு." தெமிஸ் தரையில் உட்கார்ந்தாள். "இன்னிக்கே கெளம்புங்க."

"போறேன். தலைய யாரு கழுவுறது?"

"தலையா?"

"பெட்டியிலதான் இருக்கு. எங்க வீட்டுல தலைய சொந்தக்காரங்கதான் கழுவுவாங்க. நான் இவளுக்கு என்ன உறவு?"

தெமிஸ் ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தாள். தலை மண்ணோடு அப்படியே இருந்தது. பற்களும் இருந்தன.

"ஆய்வுக்கூடத்துக்கு ஒரு பல்லு போதும்கா, போதும்," என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

செவஸ்தியை அனுப்பவில்லை. பெட்டிச் சாவி மட்டும் அன்றிலிருந்து தெமிஸின் கழுத்தில் தொங்கியது.

"பல்லப் பாத்து சொந்தக்காரங்க யாருன்னு சொல்லிடுவாங்களா?" என்று கேட்டாள் செவஸ்தி.

"சொல்லப் பாப்பாங்க."

"அப்ப வரச் சொல்லு. அவங்க தலையக் கழுவ அரை பாட்டில் எடுத்து வச்சிருக்கேன்."

அந்த அரை பாட்டில் ஒயினை நான் திருப்பிக் கேட்கவில்லை.