மூணாம் தண்ணி

காலை எட்டு பத்துக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது. மந்தைவெளியிலிருந்து ஆட்டோவில் பறந்தேன். வைரஸ் காய்ச்சல் விட்டு ஒரு மாதமாகியும் படி ஏறினால் தள்ளாடுகிற என் மகளை மைதானத்தைச் சுற்றி ஓட வைத்திருக்கிறார்கள். மயங்கி விழுந்தவளை வேப்பமரத்தடியில் படுக்க வைத்திருந்தார்கள்.

"காய்ச்சல்தான் போயிடுச்சே மேடம். சும்மா நடிக்கிறா," என்றார் பி.டி. மாஸ்டர்.

காலடியில் நசுங்கிய வேப்பிலையின் வாசம் ஏறியதும் எனக்கு ஒன்பது வயதாகிவிட்டது. அம்மாவுக்கு அம்மை போட்டிருந்தது. வேப்பிலை போட்டு வெயிலில் காய்ந்த தண்ணீரை மூன்றாம் முறையும் தலைக்கு ஊற்றிவிட்டார்கள். அதோடு நோய் முடிந்தது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அன்றைக்கே அத்தை குடத்தை நீட்டினாள்.

"மூணு தண்ணி ஊத்தியாச்சு, மாரியாத்தா எறங்கிட்டா. மகாராணிக்கு இன்னும் என்ன சீக்கு?"

அம்மா அடிபம்பைப் பிடித்தபடி மூச்சிரைக்க நின்றாள். தண்ணீருக்கு நின்ற வரிசையே சிரித்தது. பழைய தெம்பு அவளுக்குக் கடைசிவரை திரும்பவில்லை. நான் அத்தையின் காபியில் உப்பை அள்ளிப் போட்டேன். அவள் துப்பியது இன்றும் எனக்கு இனிக்கிறது.

இந்த மாஸ்டருக்கு உப்பு போதாது. கண் விழித்த மகளைத் தாங்கிக்கொண்டு பிரின்சிபால் அறையில் போய் உட்கார்ந்தேன். "அவர் என் பொண்ணு முகத்தைப் பார்த்து மன்னிப்பு கேக்கணும். அப்புறமும் அவர் வேலை போற வரைக்கும் விட மாட்டேன்."

"போதும்மா," என்று மகள் என் துப்பட்டாவை இழுத்தாள்.

கடைசியில் மாஸ்டர் வந்தார். ஒரு மாடி ஏறியதற்கே கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். மகளிடம் சொன்னார்: "மன்னிச்சுடும்மா. எனக்கும் அந்தக் காய்ச்சல் வந்துச்சு, அதுலேர்ந்து இப்படித்தான். வெளியே சொன்னா வேலை போயிடும்னு பயம்."