அப்பாவின் அளவு

ஹாக்கி மட்டையின் கைப்பிடிக்குப் புது டேப் சுற்றினோம். நான் மட்டையை ஆடாமல் பிடித்துக்கொண்டேன். அப்பா சுற்றினார். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மறைக்க வேண்டும் என்றேன். பம்பு கம்பெனியில் மோட்டார் காயிலுக்கு நாங்கள் அப்படித்தான் சுற்றுவோம்.

"இது மோட்டார் இல்லீங்க அம்மணி. கொஞ்சம் வழுக்கோணும், கொஞ்சம் புடிக்கோணும்," என்றார்.

அது ஞாயிற்றுக்கிழமை. புதன்கிழமை மில்லில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார், பிறகு எழவே இல்லை. 1996. அவருக்கு நாற்பத்தேழு வயது.

என் அப்பா வின்ஸ்டன். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லின் ஸ்டோர்ஸில் வேலை. பிறந்தது மலேயாவில், ஈப்போவில். தாத்தா கோயமுத்தூர்க்காரர். அங்கே ரப்பர் தோட்டத்தில் கிளார்க். ஒரு சீனப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். பாட்டி இறந்ததும், தாத்தா பன்னிரண்டு வயது மகனோடு ஊர் திரும்பினார்.

மறு வருஷம் சீனாவோடு சண்டை வந்தது. பள்ளியில் அப்பாவின் கண்ணையும் மூக்கையும் பார்த்து 'சீனாக்காரன்' என்று பெயர் வைத்தார்கள். சண்டை ஒரு மாதத்தில் முடிந்தது. பெயர் நின்றுவிட்டது. பிறகு மில் டீமில் இருபது வருஷம் ஆடினார். புதிதாகப் பார்ப்பவர்கள் அப்போதும் கேட்டார்கள்.

"உங்களுக்கு எந்த ஊருங்க?"

"இந்த ஊருதானுங்க."

"இல்லீங்க, அசலுக்கு?"

"அசலுக்கும் இதேதானுங்க."

அந்த வருஷம் கோலாலம்பூரில் நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு ஹாக்கிப் போட்டி அறிவித்தார்கள். பிறந்த நாட்டுக்கும் ஆடலாம், பாஸ்போர்ட் கொடுத்த நாட்டுக்கும் ஆடலாம். இரண்டில் ஒன்றுதான். ஈப்போவிலிருந்து எட்வின் பெரியப்பா போன் செய்தார். அப்பாவின் பெரியப்பா மகன். மலேசிய டீமைச் சேர்ப்பது அவர்தான். அந்த ஊர் வழக்கப்படி பேச்சில் 'லா' ஒட்டிக்கொள்ளும்.

"வந்துடு லா. டிரையல் கிடையாது, ஒண்ணும் கிடையாது. உன் எடம் காலியா இருக்கு."

"வர்றேனுங்கண்ணா. ஆனா எதுத்தாப்பல நிப்பேனுங்க."

இந்திய டீமுக்கு டிரையல் உண்டு. கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. உறுதியான இடத்தை ஏன் விடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"அங்க போயி ஆடிப்போட்டேன்னா, இத்தன வருசமா கேட்டவங்க சொன்னது நெசம்னு ஆயிருமில்லீங்களா?"

டிரையல் எங்கள் மில் மைதானத்தில் நடந்தது. தேர்வாளர் வெளியூர்க்காரர். படிவத்தில் பிறந்த ஊரைப் படித்துவிட்டு அப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க மலேசியா பக்கமே ஆடலாமே. கூட்டத்துல நின்னா வித்தியாசமே தெரியாது."

"அது தெரியறதுக்குத்தானுங்க ஆளுக்கொரு கலர்ல பனியன் குடுக்கறாங்க," என்றார் அப்பா.

வந்தவர்களை இரண்டு டீமாகப் பிரித்தார்கள். இருபது வருஷம் அப்பாவுக்குப் பின்னால் நின்று பந்து கொடுத்த மாரப்பன் மாமா எதிர் டீமுக்குப் போய்விட்டார்.

அப்பா எல்லோரையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். மைதானத்திலும் அப்படித்தான். ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில் மாரப்பன் மாமா பந்தை மடக்கினார். அப்பாவுக்கு யார் எந்தப் பக்கம் என்பது மறந்துவிட்டது.

"மாரப்பண்ணா, இங்க குடுங்க!"

மாமா கொடுத்துவிட்டார். அப்பா கோல் போட்டார். மைதானம் முழுக்கச் சிரிப்பு.

தேர்வாளர் சிரிக்கவில்லை. "என்னய்யா, ரெண்டு பேரும் பேசி வச்சிக்கிட்டீங்களா?"

மாமா தலையில் அடித்துக்கொண்டார். "எதிர் டீமுன்னு தெரியுதுங்க. அவரு குடுங்கன்னு மருவாதையாக் கேட்டுப்போட்டாரு. கை குடுத்துப்போட்டுது. நான் என்னங்க பண்றது?"

"மலேசியாக்காரன் கேட்டாலும் குடுப்பீரா?"

"அவன் குடுங்கன்னா கேக்கப் போறான்?"

மறுபடியும் சிரிப்பு. நடுவர் கோல் செல்லும் என்றார். அப்பா வேண்டாம் என்றார்.

"அத எண்ண வேண்டாங்க. வேற போடறேன்."

போட்டார். அதே மாரப்பன் மாமாவைத் தாண்டிப் போய்ப் போட்டார். அந்தத் தடவை வாயே திறக்கவில்லை.

டீமில் எடுத்தார்கள். பதினான்காம் நம்பர். மார்பில் இந்தியா என்று எழுதிய பனியன் வந்தது. போட்டுப் பார்த்தார். இரண்டு இஞ்ச் தொங்கியது. நாங்கள் டேப் சுற்றியதற்கு மறுநாள், கோட்டைமேட்டில் யூனுஸ் பாயிடம் குறைக்கக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை வாங்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்.

வியாழக்கிழமை அடக்கம். சனிக்கிழமை டீமிலிருந்து ஒருவர் போன் செய்தார். துக்கம் விசாரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"அப்பா எடத்துக்கு வேற ஆள் போட்டாச்சும்மா. அந்தப் பனியன் வேணும். புது ஆள் கொஞ்சம் உயரம். சரியா இருக்கும்."

பார்க்கிறேன் என்றேன். நேரே கோட்டைமேட்டுக்கு வண்டியை எடுத்தேன்.

யூனுஸ் பாய் என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார். பனியனை எடுத்து மேஜையில் வைத்தார். கீழ் ஓரத்தில் சாக்பீஸ் கோடு. கத்திரி படவில்லை.

"சேதி கேட்டதும் அப்படியே வச்சிட்டேம்மா. வேற யாருக்காச்சும் ஆகுமேன்னு."

"அப்பா அளவு இருக்குங்களா?"

"கோடு போட்டிருக்கேனே."

"அந்தக் கோட்டுலயே வெட்டிப்போடுங்க பாய்."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். கத்திரியை எடுத்தார்.