ரோட்டுக்கு அந்தப் பக்கப் பள்ளி

அப்பா இறந்தது மார்ச் மாதம். பெயர் தேவதாசன். செர்டாங்குக்கு வெளியே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய சிறிய தமிழ்ப்பள்ளியில் அறிவியல் ஆசிரியர். முழுப் பள்ளிக்கும் முப்பத்தொரு பிள்ளைகள். எதிரே சீனப்பள்ளி. நடுவில் ஒரு ரோடு. அவரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. இப்போதைக்கு அந்த ரோட்டைப் பற்றி மட்டும்தான் எழுத முடிகிறது.

போன ஆண்டு, வெளிநாட்டுப் பிள்ளைகளோடு நம் பிள்ளைகள் இணையத்தில் பேச வேண்டும் என்று ஒரு திட்டம் வந்தது. ஜப்பானில் ஒரு துறைமுக ஊர்ப் பள்ளி அமைந்தது. அவர் மகள் நான், கூலிம் தொழிற்சாலை ஒன்றில் சோதனைப் பொறியாளர். இணைப்பைப் பார்த்துக்கொள்ள அப்பா என்னை வரச் சொன்னார்.

தலைமையாசிரியர் கிருஷ்ணகுமார் பரதம், பொங்கல் பானை, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் படம் எல்லாம் ஏற்பாடு செய்திருந்தார். அந்தப் பிள்ளைகள் வீட்டில் யாரும் பால்மரம் வெட்டுவதில்லை. பெற்றோர் கம்பெனி பஸ்ஸில் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள். ஆனாலும் காட்டினார்கள். ஜப்பானில் கைதட்டினார்கள்.

ஜன்னலோரம்தான் லைன் கிடைத்தது. அதனால் திரையில் வெளியே இருந்த சிவப்புக் கூரையும் தெரிந்தது. அது என்ன என்று ஒரு ஜப்பானியச் சிறுமி கேட்டாள். அவர்கள் ஆசிரியர் ஆங்கிலத்தில் சொல்ல, அப்பா தமிழில் சொன்னார்.

சீனப்பள்ளி என்றாள் ஐந்தாம் ஆண்டு மாணவி லோகேஸ்வரி. சேர்ந்து விளையாடுவீர்களா? இல்லை. ஏன்?

லோகேஸ்வரி என் அப்பாவைப் பார்த்தாள். ஜப்பானியப் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, ரோட்டில் லாரி அதிகமா என்று அக்கறையாகக் கேட்டார்கள். அதுவும் இல்லை என்றாள். அடுத்த மாதம் பேசும்போது சொல்கிறோம் என்று அப்பா முடித்துவைத்தார்.

திரையை அணைத்த பிறகும் அவள் விடவில்லை.

“ஏன் சார் நாம அங்க போறதில்ல?”

“தெரியலம்மா. நானும் போனதில்ல.”

சீனப்பள்ளியோடு சேர்ந்து ஒரு பாடம் நடத்த அப்பா அனுமதி கேட்டார். தலைமையாசிரியர் மறுத்தார். அவர் பயத்தில் நியாயம் இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் சில தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளைச் சீனப்பள்ளியில் சேர்க்கின்றன. இன்னும் சிலர் போனால் எங்கள் பள்ளி மூடும் நிலைக்கு வந்துவிடும்.

“நாமளே கூட்டிட்டுப் போய் அவங்க கம்ப்யூட்டர் ரூமைக் காட்டறதா? நல்லா இருக்கு லா, சார்.”

“நாம ஒழுங்கா சொல்லிக் கொடுத்தா எதுக்குப் போகப் போறாங்க?”

“எண்ணிக்கை கொறஞ்சா பள்ளி வாரியத்துக்கிட்ட உங்க பேரத்தான் சொல்வேன்.”

“சொல்லுங்க சார்.”

இப்படித்தான் அனுமதி கிடைத்தது. அப்பாவுக்கும் பயம் இருந்தது. ஐந்து பேர் போனால் பள்ளி தாங்குமா என்று சாப்பிடும்போது என்னிடம் கேட்டார்.

இரண்டு பள்ளிகளுக்கும் பொதுவாக ரோட்டோரம் ஒரு சாக்கடை உண்டு. எங்கள் ஊரில் லோங்காங் என்போம். மழை பெய்தால் இரண்டு திடல்களிலும் அந்தத் தண்ணீர்தான். குப்பை போடுவது எதிர்ப்பள்ளிதான் என்று இரு பக்கமும் சொல்வார்கள். அப்பாவும் சீனப்பள்ளி ஆசிரியர் திரு. ஓங்கும் அதையே பாடமாக்கினார்கள். போத்தல், மணல், கரி, சரளைக்கல். லோங்காங் தண்ணீரை வடிகட்ட வேண்டும். குழுவில் இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் கலந்திருந்தார்கள்.

பாடம் மலாயில் நடந்தது. அது யாருக்கும் வீட்டு மொழி இல்லை. எல்லாரும் சமமாகத் தடுமாறினார்கள். வடிந்த தண்ணீர் கடையில் ஆற்றித் தரும் தே தாரேக் டீ மாதிரி இருக்கிறது என்று ஒரு சீனப் பையன் சொன்னான். லோகேஸ்வரி போத்தலை அவனிடம் நீட்டி, “அப்ப குடி லா” என்று மலாயில் சொன்னாள். அதற்குப் பிறகு யாரும் தடுமாறவில்லை, சத்தம்தான் அதிகம் என்றார் அப்பா.

அடுத்த மாதம் ஜப்பானியச் சிறுமிக்கு லோகேஸ்வரியே பதில் சொன்னாள். அவங்க கூப்பிடல, நாங்களும் கேக்கல, வேற ஒண்ணும் இல்ல என்றாள். அப்பா அதை அப்படியே மொழிபெயர்த்தார்.

ஆண்டு முடிவில் எங்கள் பிள்ளை ஒருவன் சீனப்பள்ளிக்கு மாறினான். தலைமையாசிரியர் வகுப்பு வாசலில் வந்து நின்று, “ஒண்ணு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஆண்டு தொடங்கியதும் சீனப்பள்ளியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் நான்கு பேர் புதன்கிழமைகளில் பள்ளி முடிந்து எங்கள் பக்கம் வரத் தொடங்கினார்கள். அவர்களுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அப்பா எழுத்திலிருந்து தொடங்கினார். அவர்களோடு தே தாரேக் பையனும் வந்தான். இதெல்லாம் எண்ணிக்கையில் வராது என்றார் தலைமையாசிரியர். ஆனால் வகுப்பறைச் சாவியை அவரே கொடுத்தார்.

அடக்கம் முடிந்த அடுத்த புதன்கிழமை, அப்பாவின் மேசையைக் காலி செய்யப் போனேன். அலமாரியில் வடிகட்டிப் போத்தல்கள் வரிசையாக இருந்தன. கரி காய்ந்திருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து, கொண்டுபோன பெட்டியில் அடுக்கினேன்.

ஜன்னல் வழியே பார்த்தால், எதிர்ப்பக்கக் கேட்டில் ஐந்து பிள்ளைகள் பையோடு நின்றார்கள். வகுப்பு இருக்காது என்று அவர்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன். சொல்லப் போகலாம் என்று பெட்டியோடு வெளியே வந்தபோது தலைமையாசிரியர் எனக்கு முன்பே போய்விட்டார். ரோட்டின் நடுவில் நின்று கையை உயர்த்தினார். ஒரு கார் நின்றது. பிள்ளைகள் கடந்து வந்தார்கள்.

கடைசியாக வந்த தலைமையாசிரியர் என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார்.

“போத்தலை எல்லாம் கொண்டு போயிராதம்மா. அடுத்த மாசம் பாடத்துக்கு அங்க போறோம். எனக்கு அத எப்படி அடுக்கறதுன்னு மட்டும் காட்டிட்டுப் போ.”

பெட்டியைக் கீழே வைத்தேன். முதலில் சரளைக்கல் என்றேன்.