போகாத தூசி

தொழிற்சாலையின் அளவுக்கூடத்தில் முப்பது வருஷமாகக் கருவிகளின் தூசியைப் போக்கிவந்த மனிதரை எல்லோரும் 'ஊதல்' என்றுதான் கூப்பிட்டார்கள். மூக்குக்கு மேல் கோபம் வரும் ஆசாமி. இந்தப் பட்டப்பெயருக்கு மட்டும் கோபப்பட்டதில்லை. இடது கண் பிறவியிலேயே மந்தம். வலது கண்ணை நம்பித்தான் பிழைப்பு.

அளவு பார்க்கும் மைக்ரோஸ்கோப்பை அவரிடம் கொடுத்தால் முதலில் ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றடிப்பார். பிறகு மெல்லிய பிரஷ். அதற்கும் மசியாவிட்டால்தான் லென்ஸ் தாளில் ஒரு சொட்டு ஸ்பிரிட். யாராவது வாயால் ஊதிவிட்டால் போச்சு. "எச்சில் தெறிச்சா யார் அழுறது?" என்று வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். உள்ளே இருக்கும் வெள்ளிப்பூச்சுக் கண்ணாடியைத் தொடவே கூடாது, காற்றோடு சரி. அதில் நாலு தூசி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்பது அவர் கட்சி.

அப்படிப்பட்டவருக்குத்தான் ஒரு மாதமாகத் தூசி போகவில்லை. எந்தக் கருவியைத் திறந்தாலும் கறுப்பு நூல் துணுக்கு ஒன்று தெரிந்தது. காற்றடித்தால் நகர்ந்தது, ஒழியவில்லை. நாலு நாளாக ஓரத்தில் நிழல் வேறு; மேசை விளக்கை மாற்றச் சொல்லிச் சண்டை பிடித்தார். கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பொறுமை கெட்டுப்போய், தொடக்கூடாத கண்ணாடியைத் தாளால் ஒரே இழுப்பு இழுத்துவிட்டார். நூல் அப்படியே இருந்தது.

பக்கத்து மேசைப் பெண்ணைக் கூப்பிட்டார். "இங்க பாரும்மா, இந்த நூல் உனக்குத் தெரியுதா?"

அவள் விளக்கைச் சாய்த்துப் பார்த்தாள். "நூலெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. கீறல்தான் விழுந்திருக்கு. யாருண்ணே இதத் தொட்டது?"

"நான்தான்."

முப்பது வருஷத்தில் அவ்வளவு வெட்கம் அவர் பட்டதில்லை. தலையைத் திருப்பிக்கொண்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தார். நூல் அங்கேயும் மிதந்தது. வலது கண்ணை மூடினார். காணோம். திறந்தார். நூல் திரும்ப வந்தது.

மறுநாள் மனைவி கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் வெகுநேரம் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

"விழித்திரை கிழிஞ்சு பாதிக்கு மேல பிரிஞ்சிருக்கு. ஆரம்பத்துலயே வந்திருந்தா லேசர்லயே அடைச்சிருக்கலாம். இப்ப ஆபரேஷன் பண்ணாலும் பழைய பார்வை வரும்னு சொல்ல முடியாது."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"ஒரு மாசமா கண்ணுக்குள்ள ஏதோ மிதக்குறது தெரியலையா?"

"தெரிஞ்சுதுங்க."

"அப்ப இத்தன நாள் என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?"

"மெஷினத் தொடச்சிட்டிருந்தேங்க" என்றார்.