ரேடியேட்டர் மூடியும் ராகுகாலமும்

எங்கள் சித்தப்பா ஞாயிற்றுக்கிழமையானால் காரின் முன்னால்தான் கண் விழிப்பார். செங்கல்பட்டு வீட்டு வாசலில் பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, "வா பாப்பா, வண்டிக்குத் தண்ணி காட்டலாம்" என்று என்னைக் கூப்பிடுவார். இரவெல்லாம் ஆறிக் கிடந்த ரேடியேட்டரின் மூடியைத் திருகி எடுத்து, அடியிலிருக்கும் ரப்பர் வளையத்தில் வெடிப்பு விட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். உள்ளே பச்சைத் தண்ணீர் தளும்பும். குனிந்தால் அதற்குள் துளியூண்டு வானம்.

"சூட்டுல மட்டும் இத்த தொறந்துடாத. ஆவி சீறிகினு வந்து மூஞ்சிய வேவிச்சிடும்" என்பார். அந்த ஆவியை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்பதுதான் இரண்டாம் வகுப்பில் என் லட்சியம்.

இன்னொரு ஆசை கடல். அது அந்த ஞாயிற்றுக்கிழமை நிறைவேறுவதாக இருந்தது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், கடலோரம் இருந்த புகுந்த வீட்டில் அத்தையைக் கொண்டுபோய் விடக் கிளம்பினோம். அத்தை ஒற்றைப் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். முன்னங்கையில் தோசைக்கரண்டி அகலத்துக்கு ஒரு தழும்பு. கேட்டால், "எண்ண தெறிச்சிடுச்சி" என்பாள். அவளை நாலரை மணி ராகுகாலத்துக்கு முன்னால் கொண்டுவந்து விடுவதாக அப்பா அந்த வீட்டாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ராகுகாலத்தில் அப்பா தீப்பெட்டிகூட வாங்க மாட்டார். பெண்ணைப் புகுந்த வீட்டு வாசப்படி ஏற்றுவாரா?

ஏரியைத் தாண்டியதும் சித்தப்பா வண்டியை ஓரங்கட்டினார்.

"இன்னாடா?" என்றார் அப்பா.

"சூடாயிகினு கீதுண்ணா. ஆறட்டும்."

வெப்பம் காட்டும் முள் எப்போதோ செத்துப்போயிருந்தது. சித்தப்பா மூக்கால் மோந்தே சூடு சொல்வார், வீட்டில் அதற்கு எதிர்ப்பேச்சு கிடையாது. ஏரித் தண்ணீரில் வெயில் உருகிக்கொண்டிருந்தது. நாரைகள் தூங்குவதுபோல நின்றன. நானும் தூங்கிப்போனேன் போலிருக்கிறது. கண் விழித்தபோது திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி, ஒரு சவுக்குத் தோப்பருகே வண்டி மறுபடி நின்றிருந்தது. காற்றில் உப்பு வாசம். மரங்கள் ஓவென்று இரைந்தன, அதுதான் கடல் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை பின்சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். அப்பா இறங்கிப்போய் பானெட்டில் முதுகைச் சாய்த்து, கைக்கடிகாரத்தையும் ரோட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் நின்றார்.

பிறகு நகர்ந்துகொண்டு, "இப்போ தொற" என்றார்.

சித்தப்பா பானெட்டைத் தூக்கி, துண்டை நனைத்து மூடியின்மேல் போட்டு, பாம்புப் புற்றில் கை விடுகிறவரைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு மெதுவாகத் திருகினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மூடி கையோடு வந்தது. ஆவியைக் காணோம். தண்ணீர் விளிம்பு வரைக்கும் நிறைந்து, தன்பாட்டுக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆவி எங்க சித்தப்பா?"

"அது... ஆறிப்போச்சி பாப்பா."

அத்தை களுக்கென்று சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அப்பா கடிகாரத்தைக் காட்டினார். "ராகுகாலம் பொறந்துடுச்சி. இதுக்கு மேல போவக்கூடாது. திருப்புடா." போனை எடுத்து அந்த வீட்டாரிடம், "வண்டி பேஜாரு பண்ணிடுச்சிங்க. நல்ல நேரமும் பூட்சி. நாளு பாத்து சொல்லி அனுப்பறேன்" என்றார். அந்த நல்ல நாள் எங்கள் வீட்டுக் காலண்டரில் அப்புறம் வரவே இல்லை. அத்தை மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸில் ஏறி வேலைக்குப் போக ஆரம்பித்தாள்.

அன்று திரும்பும் வழியெல்லாம் நான் அழுதேன். கடலும் போயிற்று, ஆவியும் போயிற்று. அத்தை என்னை மடியில் போட்டுக்கொண்டு, தழும்புக் கையாலேயே தலையைக் கோதிவிட்டாள். சித்தப்பாவின் மூக்குதான் எங்களை ஏமாற்றிவிட்டது என்று ரொம்ப நாள் அவர்மேல் கோபமாக இருந்தேன்.

கொதிக்கிற வண்டியின்மேல் யாராவது அவ்வளவு நேரம் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்பார்களா என்று கேட்க அப்போது எனக்குத் தெரியவில்லை.