ஒரு சாண் கூடிய சட்டைகள்

புதிய பாலியெஸ்டர் துணியின்மேல் சூடான இஸ்திரிப் பெட்டி படும்போது எழும் அந்த லேசான கருகல் வாசம் இன்று எங்கே மூக்கில் பட்டாலும், பஹ்ரைனின் ஈசா டவுனில் என் வாப்பா நடத்திவந்த தையற்கடையும், அதன் மேசைமீது அடுக்கியிருந்த அரக்குச் சிவப்புச் சட்டைகளும் என் கண்முன் வந்து நின்றுவிடுகின்றன. அவை கால்பந்துச் சட்டைகள். ஸ்பெயின் தேசத்துக் கடற்கரை ஊரொன்றின் பெண்கள் சங்கத்துக்காகத் தைக்கப்பட்டவை.

தைக்கக் கொடுத்தவர் பிலார் என்னும் ஸ்பானிய நர்ஸ். பஹ்ரைனுக்கு வேலைக்கு வருமுன் அந்தச் சங்கத்தில் ஆடியவர். வாப்பா துணியை அளந்துகொண்டிருக்க, அவர் ஸ்டூலில் அமர்ந்து, ஹிந்தியும் அரபும் ஆங்கிலமும் கலந்த "கடைப் பாஷை"யில் சங்கத்தின் கதையைச் சொல்வார். மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலைப் பெண்கள் சிலர், ஷிப்டு முடிந்தபின் கடற்கரையில் பந்து உதைக்கத் தொடங்கியதே அதன் பிறப்பு. வீட்டுக்குப் போய்ச் சமைக்கச் சொல்லி ஆண்கள் கோட்டோரம் நின்று கேலி செய்வார்களாம். ஆண்கள் பயிற்சியை முடித்துப் போன பிறகே மைதானம் கிடைக்கும். உடை மாற்றும் அறை பூட்டிக் கிடக்கும். சுவரோரம் வாளித் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். மைதானத்தில் புல்லென்பதே கிடையாது. கெட்டி மண்ணும் சரளையுந்தான்.

அதுவரை ஆண்கள் கழித்துப்போட்ட சட்டைகளே அவர்களுக்கு உடுப்பு. இப்போதுதான் முறையான போட்டித் தொடரில் அவர்களைச் சேர்த்திருந்தார்கள். ஆனால் ஒரே நிறத்தில், எண்ணிட்ட சட்டை இல்லாவிட்டால் களத்தில் இறங்க முடியாது. லீவில் ஊர் போகும் பிலார் சிஸ்டர் கையோடு கொண்டுபோக வேண்டும். அவர் போய் இறங்கும் வாரத்திலேயே முதல் ஆட்டம்.

வெள்ளைத் துணியில் எண்களை வெட்டும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. எட்டு என்னும் எண்ணின் இரு வயிறுகளைக் கிழியாமல் வெட்டியெடுக்க நான் பட்ட பாடு இன்றும் விரல்களில் இருக்கிறது.

எங்கள் ஊர்த் தையற்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண்பிள்ளை உடுப்பென்றால், கேட்ட அளவுக்குமேல் "தாராளம்" விட்டே வெட்டுவார்கள். அளவுக்கென்று சிஸ்டர் கொடுத்த பழைய சட்டையை வாப்பா விரித்துப் பார்த்தார். "தொவச்சுத் தொவச்சுச் சுருங்கிப் போச்சு போல. பொம்பளப் புள்ளைங்க போடுறது. ஒரு சாண் கூட இருந்தா யாரு கோவிச்சுக்கப் போறா?" என்றவர், அவ்வாறே வெட்டிவிட்டார்.

ஏர்போர்ட்டுக்குப் போகும் வழியில், டாக்ஸியை வாசலில் நிறுத்திவிட்டு வந்த பிலார் சிஸ்டர், ஒரு சட்டையை எடுத்துத் தம்மேல் வைத்துப் பார்த்தார். அது முழங்காலைத் தொட்டது.

"மாஸ்டர்! திஸ் ஷர்ட், ஆர் ஜலபியா?"

ஜலபியா என்பது அரபுப் பெண்கள் அணியும் நெடிய அங்கி. கடையை ஒட்டியிருந்த எங்கள் வீட்டு உள்ளறையிலிருந்து உம்மா விடவில்லை: "நான் அன்னைக்கே சொன்னேன். அந்தப் புள்ளைங்களப் பந்தாட அனுப்புறீங்களா, தொழுவ அனுப்புறீங்களா?"

வாப்பா கத்திரியைத் தூக்கினார். "இருங்க சிஸ்டர், இப்பவே வெட்டி மடிச்சுடுறேன்." ஆனால் நீளத்துக்கேற்ப எண்களையும் கீழிறக்கித் தைத்திருந்தோம், வெட்டினால் எண்ணும் பாதியாகும். "யல்லா சிஸ்டர், பிளைட்!" என்று டாக்ஸிக்காரர் ஹார்னை அழுத்தினார். சிஸ்டர் எல்லாவற்றையும் பைக்குள் திணித்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த லீவுக் காலம் முழுதும் வாப்பாவுக்குச் சாயா இறங்கவில்லை. "அவ்வளவு பாடுபட்டு வந்த புள்ளைங்கள, என் கத்திரி கோட்டுக்கு வெளியே நிறுத்திடுச்சோ?" என்று துணியிடம் கேட்டுக்கொண்டிருப்பார்.

சிஸ்டர் திரும்பி வந்தபோது கையில் ஒரு புகைப்படம் இருந்தது. மிகுந்த துணியையெல்லாம் கால்சட்டைக்குள் மடித்துச் செருகி, இடுப்பு புடைக்க, அந்தப் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். எதிரணியினர் முதலில் சிரித்தார்களாம். சரளையில் விழுந்தபோதோ, அவர்களுக்குத் தோல் உரிந்தது. இவர்களுக்கு இடுப்பிலிருந்த மடிப்பு மெத்தையாயிற்று. ஆட்டத்தில் தோற்றுத்தான் போனார்கள். ஆயினும் ஒருத்திகூடக் காயத்தால் வெளியேறவில்லை.

"மாஸ்டர், நெக்ஸ்ட் இயர் ஆல்ஸோ ஜலபியா. சேம் லெங்த்!"

"கேட்டியா?" என்று வாப்பா உள்ளறைப் பக்கம் திரும்பினார்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு. பெரிய கண்டுபிடிப்பு!" என்றார் உம்மா.

பிலார் சிஸ்டர் பஹ்ரைனை விட்டுப் போகும்வரை, வாப்பா ஆண்டுதோறும் அந்த அளவிலேயே தைத்தார்.

இன்று துபாய் கராமாவில் என் இளைய மகளுடன் இருக்கிறேன். அதே சங்கத்தின் ஆட்டம் தொலைக்காட்சியில் வருகிறது. அரங்கு நிறைந்த கூட்டம். ஆண்பிள்ளைகள் அந்த வீராங்கனைகளின் பெயரை முதுகில் எழுதிக்கொண்டு அமர்ந்திருக்கிறார்கள். வாப்பா இல்லை, கடை இருந்த இடத்தில் மொபைல் விற்கிறார்கள், அந்தப் புகைப்படமும் வீடு மாற்றியதில் எங்கோ போயிற்று.

வெள்ளிதோறும் பெண்கள் அணியில் ஆடும் என் மகள், அச்சங்கத்தின் அரக்குச் சிவப்புச் சட்டையொன்றை வாங்கிவந்தாள். நான் அதை வாங்கி உட்புறம் திருப்பினேன்.

"உம்மா, என்ன தேடுறீங்க? ஒரிஜினல்தான்!"

ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தேன். கூடுதல் துணி ஒரு விரற்கடைகூட இல்லை. திரையில் ஒருத்தி பச்சைப் புல்லில் சறுக்கி விழுந்தாள். கீறலின்றி எழுந்து ஓடினாள். சட்டையை மடித்து மகளிடமே கொடுத்துவிட்டேன்.